3,000 ரூபாய்க்குள் வயர்லெஸ் இயர்பட்ஸ்: பெட்டியில் இருக்கும் எண்களில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம்?

பெங்களூரு மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் வைட்ஃபீல்டிலிருந்து மெஜஸ்டிக் பக்கம் வருபவர்களுக்கு இது பழகிய அனுபவம். எம்.ஜி. ரோடு வரை தூண்களின் மேல் ஓடிவரும் ரயில், அடுத்த ஸ்டேஷனான கப்பன் பார்க் வருவதற்குள் சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். இறங்கியதும் பெட்டிக்குள் இரைச்சல் ஏறும். அதுவரை நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு பாதி கரைந்துபோகும். அந்த நேரத்தில் சுற்றிலும் பாருங்கள். இயர்பட்ஸ் போட்டிருக்கும் பல பேருடைய கட்டைவிரல் போனின் வால்யூம் பட்டனுக்குப் போகும். ஒரு அழுத்து, இரண்டு, மூன்று.

மெஜஸ்டிக்கில் இறங்கி வெளியே வந்த பிறகு, அந்த மூன்று அழுத்தையும் ஞாபகம் வைத்துக் குறைப்பவர்கள் ரொம்பக் கம்மி.

"3,000 ரூபாய்க்குள்ள நல்ல இயர்பட்ஸ் எது?" என்பது ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்களில் வாரம் ஒரு முறையாவது வரும் கேள்வி. பதிலாக ஆளுக்கு ஒரு பிராண்ட் பெயர் சொல்வார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கான உண்மையான பதில் அந்த மூன்று அழுத்தில்தான் இருக்கிறது. எந்த இயர்பட்ஸ் போட்டால் சத்தத்தைக் கூட்ட வேண்டிய அவசியம் வரவில்லையோ, அதுதான் உங்களுக்கு நல்ல இயர்பட்ஸ். ஏன் அப்படி, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களில் எது உதவும், எது உதவாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

15,400 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய்க்கு

ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஏர்பாட்ஸ் 2016-ம் ஆண்டு இறுதியில் வந்தபோது இந்தியாவில் அதன் விலை 15,400 ரூபாய். அன்றைக்கு அது ஒரு அந்தஸ்துப் பொருள். இன்றைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கே வயர் இல்லாத இயர்பட்ஸ் கிடைக்கிறது.

வெளிச்சத்தத்தைக் குறைக்கும் ஏ.என்.சி. வசதியும் இறங்கி வந்துவிட்டது. நத்திங் நிறுவனத்தின் சி.எம்.எஃப். பட்ஸ் 2024 மார்ச்சில் 2,499 ரூபாய்க்கு அறிமுகமானது. 42 டெசிபல் வரை இரைச்சலைக் குறைக்கும் என்றது நிறுவனம். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஒன்பிளஸ் நோர்ட் பட்ஸ் 3 மாடலின் அறிமுக விலை 2,299 ரூபாய். அதில் சொல்லப்பட்ட அளவு 32 டெசிபல்.

பொது இடங்களில் இயர்போன் இல்லாமல் பாட்டுப் போடுவதும் இப்போது எளிதல்ல. கர்நாடக அரசுப் பேருந்துகளில் செல்போனில் சத்தமாகப் பாட்டு, வீடியோ போடக்கூடாது என்ற கட்டுப்பாடு 2021 நவம்பரில் உயர்நீதிமன்ற உத்தரவை அடுத்து வந்தது. ஆக, தினமும் பஸ்ஸிலோ மெட்ரோவிலோ போய் வருபவருக்கு இயர்பட்ஸ் ஆடம்பரமில்லை, டிபன் பாக்ஸ் மாதிரி பையில் இருக்க வேண்டிய பொருள்.

விலை குறைந்ததில் தவறில்லை. ஆனால் எல்லா மாடலும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்ததும், கம்பெனிகள் எண்களால் போட்டி போட ஆரம்பித்தன. 13 மில்லிமீட்டர் டிரைவர், 50 மணி நேரம், 40 மில்லி செகண்ட் என்று பெட்டி முழுக்க எண்கள். அவற்றில் பெரும்பாலானவை உங்கள் காதைப் பற்றிப் பேசுவதில்லை.

வால்யூம் ஏன் இவ்வளவு முக்கியம்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 83 டெசிபலில் 20 மணி நேரம், 86-ல் 10 மணி நேரம்.

இதை பெங்களூரு வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் பயணம் என்று வைத்துக்கொள்வோம். அவுட்டர் ரிங் ரோடு பக்கம் வேலை என்றால் இது குறைவான கணக்குதான். 90 டெசிபலில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போய்வந்தால், திங்களும் செவ்வாயும் சேர்ந்தே நான்கு மணி நேரம் ஆகிவிடும். செவ்வாய்க்கிழமை ராத்திரியே அந்த வாரக் கோட்டா முடிந்துபோச்சு. புதன் முதல் ஞாயிறு வரை கேட்பதெல்லாம் கடன்.

இந்தக் கடனை வட்டியோடு கட்டுவது காது. உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. சத்தம் தொடர்ந்து அதிகமாக இருந்தால் அவை சேதமாகும். ஒருமுறை அழிந்தால் மனிதர்களுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. வலிக்காது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். ராத்திரி படுத்ததும் காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு சத்தம், கூட்டமான ஹோட்டலில் எதிரில் இருப்பவர் பேசுவது புரியாமல் "என்ன, என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, இப்படித்தான் ஆரம்பிக்கும். உலகம் முழுக்க 12 முதல் 35 வயது வரை உள்ளவர்களில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் இப்படிச் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மத்திய அரசின் சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகமும் 2025 பிப்ரவரியில் மாநிலங்களுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஒரு கடிதம் எழுதியது. இயர்போன் பயன்படுத்தினால் 50 டெசிபலுக்கு மேல் போக வேண்டாம், ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் இடைவெளி விடுங்கள் என்பது அதில் இருந்த அறிவுரை.

நல்ல அறிவுரைதான். ஆனால் நடைமுறையில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. இந்தியாவின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகல் நேரத்தில் அனுமதிக்கப்பட்ட அளவே 55 டெசிபல். வணிகப் பகுதியில் 65. சில்க் போர்டு ஜங்ஷனில் நின்றுகொண்டு 50 டெசிபலில் பாட்டுக் கேட்க முடியுமா? வெளியே இருக்கும் சத்தத்தைவிட பாட்டு கொஞ்சமாவது மேலே இருந்தால்தான் காதில் விழும். அதனால்தான் விரல் தானாக வால்யூமுக்குப் போகிறது.

அப்படியென்றால் வழி ஒன்றுதான். வெளிச்சத்தம் காதுக்குள் வருவதைத் தடுக்க வேண்டும். இயர்பட்ஸ் 10 டெசிபல் வெளிச்சத்தத்தைத் தடுத்தால், நீங்களும் பாட்டை 10 டெசிபல் குறைத்துக் கேட்க முடியும். 90-லிருந்து 80-க்கு இறங்கினால் வாரக் கோட்டா 4 மணி நேரத்திலிருந்து 40 மணி நேரமாகிறது. பத்து மடங்கு. இந்தப் பத்து மடங்கைத் தருகிறதா என்பதுதான் ஒரு இயர்பட்ஸை எடைபோடும் முதல் அளவுகோல்.

முதலில் பார்க்க வேண்டியது: காதில் சரியாக உட்காருகிறதா?

ஏ.என்.சி.யைவிட முக்கியமான, ஆனால் யாரும் விளம்பரம் செய்யாத விஷயம் ஒன்று உண்டு. இயர்பட்ஸ் முனையில் இருக்கும் சிலிகான் ரப்பர் உங்கள் காதுத் துளையை இடைவெளி இல்லாமல் அடைக்கிறதா என்பது. அடைத்தால் பாதி வேலை முடிந்தது. குறிப்பாக பேச்சுக்குரல், ஹாரன் மாதிரி உச்ச சுருதி சத்தங்களைக் குறைப்பது இந்த ரப்பர்தான்.

இடைவெளி இருந்தால் இரண்டு நஷ்டம். வெளிச்சத்தம் உள்ளே வரும். பாட்டின் பேஸ் வெளியே கசிந்துவிடும். "இதுல பேஸே இல்ல மச்சி" என்று திருப்பி அனுப்பப்படும் பல இயர்பட்ஸில் உண்மையில் குறை இருக்காது, ரப்பர் சைஸ்தான் தவறாக இருக்கும்.

பெரும்பாலான மாடல்களில் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று சைஸ் ரப்பர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பலர் ஏற்கனவே மாட்டியிருக்கும் நடுத்தர சைஸை அப்படியே போட்டுக்கொண்டு, மற்ற இரண்டையும் பெட்டியோடு அலமாரியில் வைத்துவிடுவார்கள். இந்தத் தவறைச் செய்யாதீர்கள். வாங்கிய அன்றே இந்த மூன்றையும் செய்து பாருங்கள்.

முதலாவது, பாட்டு எதுவும் போடாமல் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு பேசிப் பாருங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவது மாதிரி கேட்டால் அடைப்பு சரி.

இரண்டாவது, பேஸ் நன்றாக உள்ள ஒரு பாட்டைப் போட்டு, இயர்பட்ஸை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் சட்டென்று கூடினால், அழுத்தாத நேரத்தில் அது கசிகிறது என்று அர்த்தம். அடுத்த சைஸை மாட்டுங்கள்.

மூன்றாவது, வாயை நன்றாகத் திறந்து மூடுங்கள், தலையை ஆட்டுங்கள். கழன்று வந்தால் அதுவும் சைஸ் பிரச்சினைதான்.

இடது காதும் வலது காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு பக்கம் நடுத்தரம், இன்னொரு பக்கம் சிறியது என்று மாட்டுவதில் தவறே இல்லை. எந்த சைஸும் ஒத்துவரவில்லை என்றால், சில நூறு ரூபாயில் தனியாகக் கிடைக்கும் ஃபோம் டிப்களை முயற்சி செய்யலாம்.

ரப்பரே இல்லாமல் காதின் வாயிலில் தொங்கும் மாடல்களும் உண்டு. காது வலிக்காது, வீட்டில் போடுவதற்குச் சௌகரியம். ஆனால் அது வெளிச்சத்தத்தைத் தடுக்காது. பி.ஜி. ரூமில் படம் பார்க்க அது போதும். மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் அது தப்பான தேர்வு.

ஏ.என்.சி.யும் ஈ.என்.சி.யும் ஒன்றா?

இல்லை. பலர் ஏமாறும் இடம் இதுதான்.

ஏ.என்.சி. உங்களுக்காக. வெளியே இருக்கும் சத்தத்தை மைக் மூலம் கேட்டு, அதற்கு நேர் எதிரான ஒலி அலையை உருவாக்கி அதை அமுக்கும் தொழில்நுட்பம். ஈ.என்.சி. எதிர்முனையில் இருப்பவருக்காக. போனில் நீங்கள் பேசும்போது உங்கள் பின்னால் இருக்கும் சத்தம் அவருக்குப் போகாமல் குறைப்பது அது. பெட்டியில் 'ஈ.என்.சி.' என்று மட்டும் போட்டிருந்தால், அந்த இயர்பட்ஸ் மெட்ரோ இரைச்சலைக் குறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஏ.என்.சி.க்கும் எல்லை உண்டு. ஒரே சீராக வரும் தாழ்ந்த சத்தத்தில் அது கெட்டி. பஸ் இன்ஜின் உறுமல், ஏ.சி., மின்விசிறி, ரயில் ஓடும் ஓசை இவையெல்லாம் நன்றாகக் குறையும். திடீரென்று அடிக்கும் ஹாரன், பக்கத்து சீட்டில் சத்தமாகப் பேசுபவர், குழந்தையின் அழுகை இவற்றில் அது பெரிதாக உதவாது. அங்கே ரப்பர் அடைப்புதான் காப்பாற்றும்.

42 டெசிபல், 32 டெசிபல் என்ற எண்களையும் கவனமாகப் படியுங்கள். 'வரை' என்ற சொல் அதில் ஒளிந்திருக்கும். ஏதோ ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் கிடைத்த உச்ச அளவு அது. எல்லாச் சத்தமும் அந்த அளவுக்குக் குறையும் என்று பொருளில்லை. காதில் பொருந்தாத 42 டெசிபல் மாடலைவிட, கச்சிதமாகப் பொருந்தும் 32 டெசிபல் மாடல் நடைமுறையில் நன்றாக வேலை செய்யலாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ் ஏறி சேலத்துக்கோ மதுரைக்கோ போகும் பழக்கம் உள்ளவர்கள், ஏ.என்.சி.க்குக் கூடுதலாக ஆயிரம் ரூபாய் கொடுப்பது வீண் செலவில்லை. இன்ஜின் உறுமல் மணிக்கணக்கில் சீராக ஓடும் இடம் அது. பாட்டுப் போடாமல் ஏ.என்.சி.யை மட்டும் ஆன் செய்துவிட்டுத் தூங்குபவர்களும் உண்டு.

மீட்டிங்கில் ஏன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது?

"பாட்டு சூப்பரா இருக்கு, ஆனா டீம்ஸ் கால் வந்தா மட்டும் கேவலமா இருக்கு." இதுவும் அடிக்கடி கேட்கும் புகார். இதற்கு இயர்பட்ஸ் மட்டும் காரணமில்லை.

புளூடூத்தில் இரண்டு பாதைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கான பாதை ஒருவழிச் சாலை. அகலமானது, ஸ்டீரியோவில் வரும். நீங்கள் மைக்கை ஆன் செய்தவுடன், பேச்சும் திரும்பிப் போக வேண்டும் என்பதால் இருவழிச் சாலைக்கு மாறும். அது குறுகலானது. ஒலியின் தரம் இறங்கி, மோனோவாகிவிடும். அதனால்தான் மீட்டிங் தொடங்கியதும் எல்லாமே சப்பென்று ஆகிறது. 2,000 ரூபாய் மாடலானாலும் 20,000 ரூபாய் மாடலானாலும் பழைய வகை புளூடூத் இணைப்பில் இது நடக்கும்.

லேப்டாப்பில் இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. மீட்டிங் செயலியின் ஆடியோ செட்டிங்கில் ஸ்பீக்கருக்கு இயர்பட்ஸையும், மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். அமைதியான அறையில் இருந்தால் உங்களுக்கும் நன்றாகக் கேட்கும், எதிர்முனைக்கும் உங்கள் குரல் தெளிவாகப் போகும்.

வெளியே நின்று பேசுபவர்களுக்கு மைக் எப்படி என்பது முக்கியம். கீழ்நோக்கித் தண்டு நீண்டிருக்கும் மாடல்களில் மைக் வாய்க்குக் கொஞ்சம் அருகில் இருப்பதால் பொதுவாக அவை இதில் தேவலை. சோதிக்க ஒரு வழி: வாகனங்கள் போகும் தெருவில் நின்று நண்பருக்கு போன் போடுங்கள். "கேக்குதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "கேக்குது" என்றுதான் சொல்வார்கள். பத்து இலக்க எண் ஒன்றை வேகமாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு இலக்கம் தப்பினால், அந்த இயர்பட்ஸை நம்பி ரோட்டில் நின்று கிளையண்டிடம் பேச வேண்டாம்.

லேப்டாப், போன் இரண்டையும் ஒரே நேரத்தில் இணைக்கும் 'டூயல் டிவைஸ்' வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். மீட்டிங் நடுவில் அம்மா போன் பண்ணினால் புளூடூத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க வேண்டாம். சில அலுவலக லேப்டாப்களில் பாதுகாப்புக் காரணத்துக்காக புளூடூத்தையே முடக்கி வைத்திருப்பார்கள். வாங்கும் முன் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் பையில் ஒரு வயர் இயர்போன் கிடக்கட்டும். இன்டர்வியூ அன்று சார்ஜ் இல்லை என்று நிற்பதைவிட அது மேல்.

'42 மணி நேரம்' என்றால் என்ன?

போட் நிறுவனத்தின் ஏர்டோப்ஸ் 141 மாடலை எடுத்துக்கொள்வோம். பெட்டியில் பெரிதாகத் தெரிவது 42 மணி நேரம். ஆனால் ஒருமுறை சார்ஜ் செய்தால் காதில் ஓடுவது 6 மணி நேரம் வரை. மீதி 36 மணி நேரம் கேஸுக்குள் இருக்கும் பேட்டரி திரும்பத் திரும்ப நிரப்புவதால் வருவது. இதில் பொய் எதுவும் இல்லை, எல்லா கம்பெனியும் இப்படித்தான் கணக்குச் சொல்கிறது. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டிய எண் அந்தச் சிறிய எண். ஏ.என்.சி. ஆன் செய்தால் அதுவும் குறையும்.

இன்னொரு விஷயம் ஆயுள். இயர்பட்ஸுக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி மிகச் சிறியது. தினமும் பலமுறை கேஸுக்குள் போய் சார்ஜ் ஆவதால் அது சீக்கிரம் களைத்துப்போகும். இரண்டு வருடம் ஆனதும் ஆறு மணி நேரம் மூன்றாகலாம். மலிவு மாடல்களில் பெரும்பாலும் ஒட்டி மூடியிருப்பார்கள், பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகளோடு, சிறு கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி தயாரிக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வருகிறது. அதன் பலன் இங்கே விற்கும் மாடல்களிலும் தெரியும்வரை, 1,500 ரூபாய் இயர்பட்ஸை 'வருடத்துக்கு 750 ரூபாய்' என்று கணக்குப் போட்டு வாங்குவது நல்லது. பழுதானதைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும்.

தள்ளிவிடக்கூடிய எண்கள்

டிரைவர் சைஸ்: 13 மில்லிமீட்டர் டிரைவர் 10 மில்லிமீட்டரைவிட நல்லது என்று அர்த்தமில்லை. எப்படி வடிவமைத்து, எப்படி ட்யூன் செய்திருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கோடெக்: எல்.டி.ஏ.சி. மாதிரி உயர்தர வசதிகள் அமைதியான அறையில், நல்ல தரமான பாட்டுக்குப் பலன் தரலாம். ஐபோனில் எல்.டி.ஏ.சி. கிடையாது. பஸ்ஸில் கேட்பவருக்கு அந்த வித்தியாசம் தெரிவது கஷ்டம்.

லேட்டன்சி: '40 மில்லி செகண்ட்' போன் கேம் ஆடுபவர்களுக்கு. யூடியூப், ஓ.டி.டி. செயலிகள் பொதுவாகத் தாமதத்தைத் தாங்களே சரிசெய்துகொள்கின்றன.

தள்ளுபடி சதவீதம்: எம்.ஆர்.பி. 4,990 ரூபாய், ஆஃபரில் 1,299 ரூபாய், '74 சதவீதம் தள்ளுபடி' என்று போட்டிருந்தால், அதை 1,299 ரூபாய்ப் பொருளாகவே பாருங்கள். வருடம் முழுக்க அந்த விலையில்தான் அது விற்கும்.

வைத்துக்கொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டு: ஐ.பி.எக்ஸ்.4 அல்லது அதற்கு மேல். வியர்வையும் தூறலும் தாங்கும் என்பதற்கான குறியீடு அது. பெங்களூரு சாயங்கால மழைக்கு இது வேண்டும். ஆனால் பெரும்பாலும் இந்தக் குறியீடு இயர்பட்ஸுக்கு மட்டும்தான், கேஸுக்கு இல்லை.

எந்த விலையில் என்ன எதிர்பார்க்கலாம்?

1,000 ரூபாய்க்குக் கீழே: அமைதியான இடத்தில் பாட்டு, பாட்காஸ்ட், வீட்டிலிருந்து போன் பேச்சு. ரப்பர் டிப் உள்ள மாடலாக மட்டும் எடுங்கள்.

1,000 முதல் 2,000 வரை: ஏ.என்.சி. இருந்தாலும் சுமாராக இருக்கலாம். ஆனால் காதில் நன்றாகப் பொருந்தினால், பெரும்பாலானவர்களின் அன்றாடத் தேவைக்கு இதுவே போதும்.

2,000 முதல் 3,000 வரை: பயன்படும் அளவுக்கு ஏ.என்.சி., டூயல் டிவைஸ், ஈக்வலைசர் உள்ள செயலி ஆகியவை கிடைக்க ஆரம்பிக்கும் இடம். தினமும் மெட்ரோ, பஸ் என்று இரண்டு மணி நேரம் போகிறவர் இங்கே செலவு செய்யலாம். அது பாட்டின் தரத்துக்கான விலை மட்டுமில்லை, வால்யூமைக் குறைத்து வைப்பதற்கான விலை.

ஒலித் தரத்தைச் சோதிக்க புதுப் பாட்டு வேண்டாம், நூறு தடவை கேட்டுப் பழகிய பாட்டு வேண்டும். இளையராஜா இசையில் 'மூடுபனி' (1980) படத்தில் யேசுதாஸ் பாடிய கிடார் பாட்டு மாதிரி ஒன்றைப் போடுங்கள். குரல், கிடார், பேஸ் மூன்றும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா? பேஸ் குரலை மூடுகிறதா? வால்யூம் பாதிக்குக் கீழே இருக்கும்போதும் வரிகள் புரிகிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியம். சத்தமாக வைத்தால் எல்லா இயர்பட்ஸும் ஐந்து நிமிடத்துக்கு நன்றாகத்தான் இருக்கும்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

வயர்லெஸ் இயர்போன்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் கட்டாயப் பதிவு உண்டு. பெட்டியிலோ கருவியிலோ பி.ஐ.எஸ். குறியும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். பெரிய பிராண்டின் பெயரில் 500 ரூபாய்க்கு ரோட்டோரத்தில் கிடைப்பதை இந்த ஒரு நிமிடச் சோதனையில் பிடித்துவிடலாம். காதுக்குள் ஒரு லித்தியம் பேட்டரியை வைக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

ஆன்லைனில் வாங்கினால் 'ரிட்டர்ன்' உண்டா, 'ரீப்ளேஸ்மென்ட்' மட்டும்தானா என்று முதலிலேயே பாருங்கள். காதில் பொருந்தவில்லை என்பதற்கு ரீப்ளேஸ்மென்ட் தீர்வாகாது, அதே சைஸ்தான் திரும்பி வரும். சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் எப்படியோ, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு அப்படி. நேரில் போனால் காதில் வைத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், பில் வாங்காமல் வராதீர்கள். வாரண்டியில் பிரச்சினை வந்து கம்பெனி கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்துவிட்டது என்றால் சர்வீஸ் சென்டருக்கு ஓடும் முன், ரப்பரைக் கழற்றி வலையைப் பாருங்கள். காது அழுக்கு அடைத்திருக்கும். உலர்ந்த மென்மையான பிரஷ் போதும், தண்ணீர் வேண்டாம்.

வாங்கிய பிறகு

போனில் வால்யூமை 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எளிய விதி. ஐபோனில் செட்டிங்ஸில் 'ஹெட்போன் சேஃப்டி' பகுதிக்குப் போய் அதிகபட்ச டெசிபலுக்கு வரம்பு வைக்கலாம். ஆண்ட்ராய்டில் வால்யூமைக் கூட்டும்போது வரும் எச்சரிக்கையை யோசிக்காமல் 'ஓகே' கொடுத்துத் தள்ளாதீர்கள்.

ஒரு முக்கியமான விஷயம். காதை நன்றாக அடைக்கும் இயர்பட்ஸ் ரோட்டில் ஆபத்து. டூ-வீலரில் ஹெல்மெட்டுக்குள் இயர்பட்ஸ் வேண்டவே வேண்டாம். ரோடு கடக்கும்போது கழற்றிவிடுங்கள், அல்லது வெளிச்சத்தத்தை உள்ளே விடும் 'டிரான்ஸ்பரன்சி' மோடுக்கு மாறுங்கள். காதில் தொடர்ந்து இரைச்சல், கேட்பதில் மந்தம் இருந்தால் தள்ளிப்போடாமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் கடைசியாக ஒரு சோதனை. புது இயர்பட்ஸோடு மெட்ரோவில் ஏறுங்கள். எம்.ஜி. ரோட்டில் 50 சதவீத வால்யூமில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, போனைப் பையில் வைத்துவிடுங்கள். ரயில் கப்பன் பார்க் சுரங்கத்துக்குள் இறங்கி, மெஜஸ்டிக் வரும்வரை போனை எடுக்கத் தோன்றவில்லை என்றால் அந்த இயர்பட்ஸை வைத்துக்கொள்ளலாம். தோன்றினால், ரப்பர் சைஸை மாற்றி இன்னொரு நாள் பாருங்கள். அப்போதும் விரல் வால்யூமுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.